உரிமை கோராத அன்பு

(மும்பை செம்பூரில், ஆடி மாதத்து ஞாயிறு மாலையில், தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மழையிலும் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும், முலுண்டு, டோம்பிவிலி என்று தொலைவிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். நனைந்த குடைகள் வாசலில் வரிசையாக இருக்கின்றன.

கவிதை, இயற்கை, பற்றில்லாத வாழ்வு என்ற மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாம் எல்லோரும் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு அறை, பிறகு ஒரு வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஒவ்வொன்றையும் பாடுபட்டுச் சேர்த்தவர்கள். நம்மிடம் வந்து பற்றை விடு என்று ஒருவர் சொன்னால், 'எதை விடச் சொல்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

பற்றில்லாதவர் என்றதும் நமக்குத் தோன்றும் படம், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர். உலகத்தைப் பார்க்க மறுத்தவர். ஆனால் பற்றை விடுவதைப் பற்றித் தமிழில் பாடியவர்களைப் படித்துப் பாருங்கள். அவர்களுடைய கண் நம் கண்ணைவிட அகலத் திறந்திருக்கிறது. எந்த மலையில் எந்தப் பூ எப்போது பூக்கும், வெள்ளம் வரும்போது ஆறு எப்படி இரைச்சலிடும், முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சு கூட்டை எப்படி விட்டுப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எதுவும் வேண்டாம் என்றவர்கள் எல்லாவற்றையும் ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள்? நெடுநாளாக என்னை விடாமல் தொடரும் கேள்வி இது.

புறநானூற்றின் 192-ஆம் பாடலிலிருந்து தொடங்குகிறேன். பாடியவர் கணியன் பூங்குன்றனார். சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியை அவருடைய ஊர் என்று சொல்கிறார்கள். அந்தப் பாட்டின் முதல் அடி நமக்கெல்லாம் மனப்பாடம். மேடைக்கு மேடை, பேனருக்குப் பேனர் எழுதிவிட்டோம். ஆனால் அது 13 அடிகள் கொண்ட பாட்டு. மீதி 12 அடிகளை நாம் பெரும்பாலும் படிப்பதே இல்லை. பாட்டின் உயிர் நடுவில் இருக்கிறது. மின்னலோடு குளிர்ந்த மழை கொட்டுகிறது. பேராறு பாறைகளில் மோதி இரைந்துகொண்டு இறங்குகிறது. அந்த நீரின் வழியே ஒரு தெப்பம் போகிறது. உயிரும் அப்படித்தான் முறைவழிப் போகும் என்று அறிந்தவர்கள் காட்டியதால் தெளிந்தோம் என்கிறார் புலவர்.

இதை எழுத, ஒரு மனிதர் வெள்ளம் வரும் ஆற்றங்கரையில் நின்றிருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்து யோசித்து வந்த உவமை இல்லை இது. மும்பைக்காரர்களுக்கு இந்த நீரை விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான நீர், ஒரே நாளில். விஹார் ஏரியிலும் பவாய் ஏரியிலும் நிரம்பி வழிவதைச் சுமந்து மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் மித்தி ஆற்றை, அன்றுவரை பலர் சாக்கடை என்றே நினைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அது ஆறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். பெயர் தெரியாத வீட்டு மாடியில் இரவைக் கழித்தவர்களும் இருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர் உங்கள் ஊர், சாதி, மொழி எதையும் கேட்டிருக்க மாட்டார். டீ போட்டுக் கொடுத்திருப்பார்.

கணியன் பூங்குன்றனார் தெப்பத்தைப் பார்த்த பிறகு என்ன முடிவுக்கு வருகிறார் என்பதுதான் முக்கியம். எல்லாம் ஆற்றோடு போகிறது, அதனால் எதுவும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. காட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். பற்றில்லாமையை அவர் மனிதர்களை நடத்தும் முறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நீரின் போக்கை உணர்ந்தவனுக்கு, கரையில் மாடி கட்டியவனும் தகரக் கொட்டகை போட்டவனும் ஒரே ஆற்றில் போகிறவர்கள். ஒருவனைக் கண்டு கும்பிடு போட்டு இன்னொருவனைக் கண்டு முகத்தைத் திருப்ப அவனால் முடியாது. தமிழில் இதுவரை எழுதப்பட்ட முடிவுகளில் இதற்கு மேலான ஒன்றை நான் படித்ததில்லை.

இரண்டு பாட்டு தள்ளி, 194-ஆம் பாடல் பக்குடுக்கை நன்கணியாருடையது. அவரும் கணியர்தான், காலத்தைக் கணக்கிட்டவர். ஒரு வீட்டில் சாவுப் பறை கேட்கிறது, இன்னொரு வீட்டில் மண முழவு கேட்கிறது. ஒருத்தி பூச்சூடியிருக்கிறாள், ஒருத்தியின் கண்ணில் நீர் நிற்கவில்லை. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று துணிந்து சொல்லிவிடுகிறார். பிறகு, இந்த உலகம் கொடியதுதான், அதன் இயல்பு தெரிந்தவர்கள் இதற்குள்ளேயே இனியவற்றைக் கண்டுகொள்ளுங்கள் என்கிறார். ஒரு மாடியில் பிள்ளைக்குத் தொட்டிலிடுவதும் இன்னொரு மாடியில் பாடை கட்டுவதும் ஒரே நாளில் நடக்கும், ஒட்டி ஒட்டி அறைகள் கொண்ட சால் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டு நேற்று எழுதியது போல இருக்கும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். தெப்பம் போல வாழ்வது என்பதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இந்த உபதேசம் கொடுமையாகிவிடும்.

நாஞ்சில் நாடன் 1986-இல் 'மிதவை' என்று ஒரு நாவல் எழுதினார். பட்டம் படித்த நாஞ்சில் நாட்டு இளைஞன் ஒருவன் வேலை தேடிச் சென்னைக்குப் போய், பிறகு பம்பாய்க்கு வருகிறான். பல ஆண்டுகள் இந்த ஊரிலேயே வேலை பார்த்து வாழ்ந்தவர் எழுதிய கதை அது. அதில் வரும் இளைஞனும் நீரின் போக்கில் போகிறவன்தான். ஆனால் அவன் தெளிந்துபோய் மிதக்கவில்லை. அவனுக்குக் கரை ஏற இடம் இல்லை. படுக்க ஒரு பாய் விரிக்கும் இடம், இரண்டு வேளைச் சோறு, நிலையான ஒரு சம்பளம், இவற்றைத் தேடுகிறவனிடம் போய்ப் பற்றை விடு என்று சொல்ல எந்தக் கவிஞனுக்கும் உரிமை கிடையாது. சங்கக் கவிதையிலும் கம்பனிலும் ஆழ்ந்த நாஞ்சில் நாடன் கணியனின் தெப்பத்தை அறியாதவர் அல்லர். அந்தத் தெப்பத்தை வேலையில்லாத ஒரு பையனின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தது அந்த நாவல் எனக்குச் செய்த உதவி.

தாராவியிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது இன்னும் நெருக்கமாகப் புரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே குடியேறினார்கள். சதுப்பை மண் போட்டு மேடாக்கி வீடு கட்டியவர்கள் அவர்கள். இன்று மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு என்றதும், 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்தேன் என்று காட்டத் தாளைத் தேடுகிறார்கள். தரைத்தளமா மாடியா, 350 சதுர அடி கிடைக்குமா கிடைக்காதா என்று தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, 'எல்லாம் மாயை, வீட்டின் மேல் என்ன பற்று' என்று ஒருவர் சொன்னால் அது ஞானம் ஆகாது. பற்றை விடு என்ற சொல்லை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பறிகொடுத்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்வது, பறிப்பவருக்கு உதவி செய்வதாகும். இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் விட்டுவிடுங்கள், விலகி நில்லுங்கள் என்று அறிவுரைகள் கொட்டுகின்றன. சொல்கிறவர் எதை விட்டார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

வள்ளுவர் இதில் மிகவும் கவனமாக இருந்திருக்கிறார். துறவறவியலில் 13 அதிகாரங்கள் இருக்கின்றன. துறவு என்ற அதிகாரம் அதில் முதலில் இருக்கும் என்று நினைப்போம். அது பதினோராவது. முதலில் இருப்பது அருளுடைமை. பிறகு புலால் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை, நிலையாமை என்று வந்து, அதற்கப்புறம்தான் துறவு. அருள் இல்லாதவன் அந்தப் படியில் கால் வைக்கவே முடியாது. பிற உயிரின் வலியை உணர்வதில் தொடங்கி, பொய் சொல்லாமல், கோபப்படாமல், கொல்லாமல் வந்தவனுக்கு மட்டும்தான் கையில் இருப்பதை இறக்கி வைக்கும் பேச்சு. அருளைத் தாண்டிக் குதித்துத் துறவுக்குப் போக வள்ளுவர் வழி வைக்கவில்லை.

நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள், இந்த உடம்பின் ஒரு மூலையில் ஒண்டியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு இன்னும் கிடைக்கவில்லை போலும் என்று கேட்கிறது. ஒண்டுக்குடித்தனத்தின் அவதி தெரிந்தவர் எழுதியது போல இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறி மாறி, ஒவ்வொரு தடவையும் கேஸ் இணைப்பையும் பள்ளிக்கூட பஸ்ஸையும் மாற்றிக்கொண்டிருக்கும் இளம் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு நிலையாமையை யாரும் கற்றுத்தர வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டிய பாடம் வேறு. நிலையில்லாத இடத்தில் இருந்துகொண்டு எதை நேசிப்பது, எப்படி நேசிப்பது என்பதுதான் அது.

அதற்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. போரிவிலிக் காட்டுக்குள் கான்ஹேரிக் குகைகளைப் பார்த்திருப்பீர்கள். கரும்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்காலம் பௌத்தத் துறவிகள் அங்கே இருந்தார்கள். பெரிய சைத்திய வழிபாட்டுக் கூடத்தையும் சிற்பங்களையும் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறோம். மேலே ஏறிப் போய்ச் சிறிய குகை ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்குப் பாறையிலேயே குடைந்த மேடை. வாசலில் ஒரு சின்னத் திண்ணை. அதற்குப் பக்கத்தில் பாறையைத் தோண்டிய நீர்த்தொட்டி. மேலே பாறைச் சரிவில் விரற்கடை அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, விழும் மழையை அந்தத் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறார்கள். இந்த ஆடி மழையில் போனால் அந்த வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுவதைக் காணலாம். எதுவும் எனதில்லை என்று வந்தவர்கள், மழைத்துளி எந்தப் பக்கம் வழியும் என்று பாறையைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குகைகளுக்குப் பொருள் கொடுத்தவர்களில் கல்யாண், சோபாரா ஊர்களின் வணிகர்களும் உண்டு என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. கடைத்தெருவும் காடும் அன்றே ஒன்றையொன்று தெரிந்து வைத்திருந்தன.

இந்தத் துறவிகளுக்கு ஒரு விதி உண்டு. ஆண்டு முழுதும் ஊர் ஊராக நடக்க வேண்டியவர்கள், மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும். ஏன் இந்த விதி வந்தது என்பதைப் பௌத்தர்களின் விநய நூலே சொல்கிறது. மழையில் நடந்தால் புதிதாக முளைத்த புல்லும் பயிரும் மிதிபடுகின்றன, தரையில் ஊரும் சிற்றுயிர்கள் சாகின்றன என்று மக்கள் குறைப்பட்டார்களாம். அதைக் கேட்டுப் புத்தர் இந்த ஒழுங்கை வைத்தார். எண்ணிப் பாருங்கள். வீட்டை விட்டு வந்தவர்கள், ஒரு புல்லின் குருத்துக்காக மீண்டும் ஒரு கூரைக்குக் கீழே உட்காருகிறார்கள். ஜைனத் துறவிகள் இன்றும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். மாட்டுங்காவிலும் காட்கோபரிலும் இந்த மழைமாதங்களில் அவர்கள் உபாசிரயம் என்னும் தங்குமிடங்களில் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டின் மேல் உரிமை கோராதவர்களுக்குப் புல்லின் மேல் இவ்வளவு கரிசனம் இருப்பது எனக்கு முரணாகப் படவில்லை. உரிமையை விட்டதால்தான் கரிசனத்துக்கு இடம் கிடைத்தது.

இதே மழைக்காலத்தில், ஆஷாட மாதத்தில்தான் வார்க்கரி அடியார்கள் பண்டரிபுரம் போய்ச் சேருகிறார்கள். நாம் குடியிருக்கும் மண்ணின் கவிஞர் துக்காராம் அவர்களுடைய வழித்துணை. 17-ஆம் நூற்றாண்டில், புணேக்கு அருகே இந்திராயணி ஆற்றங்கரையில் தேஹு என்ற ஊரில் மளிகை வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. 1630-ஐ ஒட்டிய பெரும் பஞ்சத்தில் முதல் மனைவியையும் பிள்ளையையும் இழந்தார். கடை நொடித்தது. ஊரார் அவருடைய குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் பத்திரங்கள் நிறைய இருந்தன. அவற்றை ஆற்றில் போட முடிவு செய்தபோது அவர் செய்த ஒரு காரியத்தைச் சரிதம் சொல்வோர் மறக்காமல் சொல்கிறார்கள். பத்திரங்களை இரண்டாகப் பிரித்தார். தம்பியின் பங்கைத் தம்பியிடம் கொடுத்தார். தன் பங்கை மட்டும் ஆற்றில் போட்டார்.

பற்றை விடு என்பதை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் முன்பு நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. தம்பிக்கும் ஞானம் வரட்டும் என்று அவனுடைய பத்திரங்களையும் சேர்த்து வீசியிருந்தால் துக்காராம் நமக்கு இவ்வளவு பெரியவராகத் தெரிந்திருக்க மாட்டார். அவர் ஆற்றில் விட்டது ஏழைகளின் கடன். பஞ்சத்தில் அடிபட்ட அந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்! அவர் பற்றை விட்டதன் பலன் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஊருக்கு வெளியே பண்டாரா குன்றில் தனித்திருந்து பாடினார். மரங்களும் கொடிகளும் காட்டு உயிர்களும் தன் உறவினர் என்று அவர் பாடிய அபங்கம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். உங்கள் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்தைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர் மரத்தை உறவு என்று அழைக்கும்போது அந்தச் சொல்லில் அலங்காரம் எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் அடங்காத ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கபிலர். தமிழில் மலையை அவரைப் போல அறிந்து பாடியவர் யாருமில்லை. தன் நண்பன் பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டபோது, உழாமலேயே இந்த மலையில் நான்கு விளைகின்றன என்று மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக் கிழங்கையும் தேனையும் எண்ணிக் காட்டினார். பாரி இறந்த பிறகு அவருடைய பெண்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு மன்னனாகத் தேடி அலைந்தார். கடைசியில் அவர்களை ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர் விட்டார். நண்பனைப் பிரிந்து இருக்க அவரால் முடியவில்லை. பற்றை விடத் தெரியாதவர் என்று கபிலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கவனியுங்கள். பாரியின் மலையோ செல்வமோ தனக்கு வேண்டும் என்று அவர் எங்கும் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்கு ஒரு வாழ்வு அமைய வேண்டும் என்று மட்டும் கேட்டார். தனக்காக எதையும் பிடித்துக்கொள்ளாத பற்று அது. அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தலை வணங்குகிறேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். மலையருவியில் ஆடிய பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள். செங்காந்தளில் தொடங்குகிறது அந்தப் பட்டியல். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடுகளை ஒப்பிட்டபோது, அந்தப் பகுதியில் சில பூக்களின் பெயர்கள் சிதைந்து போயிருந்தன. எத்தனை ஏடுகளைப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஓட்டை. அச்சாகும் பாட்டில் மூன்று புள்ளி போட்டுவிட்டு மேலே போயிருக்கலாம், அவருக்கு மனம் ஒப்பவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏடுகளில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் இதை அவரே எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889-இல் வெளிவந்தது.

எங்கே கிடைத்தன என்பதை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். துறவிகள் வாழும் மடத்தில். பெண்கள் கூந்தலில் சூடிய பூக்களின் பெயரை, பூவே சூடாதவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓலையில் எழுதி, செல்லரிக்காமல் எண்ணெய் பூசிக் காத்து வைத்திருந்தார்கள். காதல் பாட்டுதானே, நமக்கெதற்கு என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. எதுவும் வேண்டாம் என்றவர்கள் எல்லாவற்றையும் ஏன் உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்று நான் முதலில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த மிக அழகான பதில் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தாராவிக்கு வருகிறேன். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில், தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் ஒரு காடு இருக்கிறது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று பெயர். சுமார் 37 ஏக்கர். பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு மேல் தெரியும் பச்சையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், உள்ளே போனவர்கள் குறைவு. 1970-கள் வரை அது மாநகரத்தின் குப்பை கொட்டும் இடம். மும்பை தின்றதும் கிழித்ததும் உடைத்ததும் அங்கே மலையாகக் கிடந்தன. காகமும் பருந்தும் வட்டமிட்ட, குழந்தைகள் தகரம் பொறுக்கிய அந்த மேட்டில் மரம் வைக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். 1983-இல், உலகச் சுற்றுச்சூழல் நாளில், பறவையியலாளர் சாலிம் அலி அங்கே முதல் மரக்கன்றை நட்டார்.

அவர் 1896-இல் இந்த ஊரில் பிறந்தவர். அந்தக் கன்றை நட்டபோது அவருக்கு 86 வயது. 1987-இல் காலமானார். பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது 1994-இல். அவர் நட்ட இடத்தில் காடு எழுந்ததை அவர் பார்க்கவில்லை. குப்பை மேட்டில், வேருக்கு மண்ணே சரியாக இல்லாத இடத்தில், 86 வயதில் ஒருவர் குனிந்து கன்று நடுகிறார். அந்த மரம் அவருடையதும் அல்ல, அந்த நிலமும் அவருடையதல்ல. அதில் வந்து உட்காரும் பறவை எதுவும் அவரைக் கேட்டு உட்காரப் போவதில்லை. வாழ்நாள் முழுதும் பறவைகளைப் பார்த்த மனிதருக்கு, பறக்கும் ஒன்றை நேசிப்பது எப்படி என்று தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த தோட்டக்காரர்கள், மாணவர்கள், தண்ணீர் சுமந்தவர்களின் பெயர்களெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. அந்த மேட்டில் ஒவ்வொரு குழியாகத் தோண்டி நல்ல மண் போட்டு வைத்த ஆயிரக்கணக்கான மரங்கள் இன்று நிழல் தருகின்றன. தாராவிப் பிள்ளைகள் அங்கே வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போகிறார்கள். வீட்டில் ஜன்னலே இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்த மரநிழல் சொந்தமா என்று கேட்டால், பத்திரப்படி இல்லை. ஆனால் அந்த நிழலில் அவன் படித்திருக்கிறான், தூங்கியிருக்கிறான். மறுசீரமைப்புப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் காட்டுக்கு என்ன ஆகும் என்று ஊரில் பலர் கவலைப்படுவதற்குக் காரணம் அதுதான். கவலைப்படுவதோடு நிற்காமல் குரல் கொடுக்கவும் வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கென்று எதுவும் வேண்டாம் என்பவனுடைய குரலுக்கு, அடுத்தவனுக்காகக் கேட்கும்போது பலம் அதிகம்.

உரையின் தொடக்கத்தில், எதை விடச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வேன் என்றேன். வீட்டை விடச் சொல்லவில்லை. சம்பளத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விடச் சொல்லவில்லை. தாளைத் தேடுகிறவர்கள் தேடி எடுங்கள், தேடத் தெரியாதவர்களுக்கு உதவி செய்யுங்கள். நான் கேட்பது சின்ன விஷயம். வாரத்தில் கொஞ்ச நேரம், வாங்க முடியாத, விற்க முடியாத, படம் பிடித்து அனுப்பவும் தேவையில்லாத ஒன்றைப் பாருங்கள். அதன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுங்காவில் 10 ஆண்டுகளுக்கு முன்பு தூங்குமூஞ்சி மரங்கள் மாவுப்பூச்சி பிடித்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போனபோது (நகரம் முழுவதும் அப்படி நூற்றுக்கணக்கில் போயின), முதலில் கவனித்துச் சொன்னவர்கள் அந்த மரங்களை நாள்தோறும் அண்ணாந்து பார்த்தவர்கள்தான். பார்க்கிறவர்கள் இருந்தால்தான் ஒரு மரத்துக்கு நோய் என்று யாருக்காவது தெரியும்.

வருகிற ஞாயிறு காலை அந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று சில நண்பர்கள் முடிவு செய்திருக்கிறோம். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களின் பட்டியலை நகலெடுத்து வைத்திருக்கிறேன், வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கொன்றை இருக்கிறது, இங்கே பஹாவா என்பார்கள். தில்லையும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த அந்த மரம் மும்பைக் கழிமுகச் சதுப்புகளிலும் வளர்வது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பட்டியலில் எத்தனை பூவை இங்கே காண முடிகிறது என்று குறித்துக்கொண்டு வரலாம். பெயர் தெரியாத மரம் இருந்தால் அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர்களிடம் மராத்திப் பெயரைக் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். தாராவி நண்பர்கள் டிப்போ வாசலில் நிற்பார்கள். செம்பூரிலிருந்து வருகிறவர்கள் குர்லாவில் மாறி சயானில் இறங்கினால் பஸ் உண்டு. மழை இருக்கும், வழுக்காத செருப்புப் போட்டு வாருங்கள்.